டக்… டக்…

ஜூன் 3, செவ்வாய்

லெகோ டெக்னிக் பாகங்களில் மேடு ஏறும் வண்டி. அதற்குச் சாமான் வாங்க சென்னை ரிச்சி தெரு. என்20 கியர் மோட்டார் இரண்டு (6 வோல்ட், 200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 200 சுற்று) 440 ரூபாய். மோட்டாரை ஓட்டும் டிஆர்வி8833 போர்டு 90, வண்டிக்கு மூளையாக இஎஸ்பி32 போர்டு 400, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் எஸ்ஜி90 சர்வோ மோட்டார் 110, 18650 லித்தியம் செல் ஒரு ஜோடி 300. ஆக 1,340. கையில் இருந்தது 1,500. லெகோவின் பழைய எக்ஸ்எல் மோட்டாரைத் தேடிப் போனால் பட்ஜெட் அதிலேயே முடியும். டிஆர்வி8833-க்குப் பதில் எல்298என் போர்டு வாங்கச் சொன்னார்கள். வேண்டாம், 2 வோல்ட்டை அதுவே தின்றுவிடும்.

ஜூன் 4

15-ஆம் தேதிக்குள் வண்டி சாய்த்த பலகையில் ஏறணும். இன்னும் 11 நாள்.

ஜூன் 5, வியாழன்

மோட்டார் தண்டு 3 மி.மீ. லெகோ டெக்னிக் ஆக்சில் (அச்சுக்கம்பி) கூட்டல்குறி வடிவம், 4.8 மி.மீ. இரண்டையும் சேர்க்க, இரண்டு ஆக்சிலை இணைக்கும் குழாயான ஆக்சில் கனெக்டரின் ஒரு முனையை மட்டும் 3 மி.மீ. பிட்டால் கையாலேயே திருகித் துளைத்தேன். உள்மூலைகள் நான்கும்தான் சீவப்படும். கூட்டல்குறியின் கைகள் பள்ளமாக நிற்கும். அரால்டைட் (எபாக்ஸி பசை) அதில் இறங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும். சட்டென்று ஒட்டும் பசை ஒரு முட்டலுக்கே விட்டுவிடும். பசை கியர்பெட்டிக்குள் வழிந்தால் மோட்டார் போச்சு, அதனால் தண்டின் அடியில் ஒரு பொட்டு கிரீஸ்.

முதல் கனெக்டர் கோணல். சுற்றினால் ஆக்சில் தலையாட்டுகிறது. மறுமுனையில் நீள ஆக்சில் ஒன்றைச் செருகி, அதைப் பார்த்துக்கொண்டே துளைத்தால் நேராக வருகிறது.

ஜூன் 6

24 மணி நேரம் காயணும். தொடாதே.

ஜூன் 8, ஞாயிறு

தரையில் ஓடுகிறது. பலகையைச் சாய்த்ததும் டக் டக். 8 பல் கியர் 24 பல் கியரின் மேல் ஏறித் தாண்டுகிறது. மோட்டார் மேல் தப்பில்லை. ஆக்சிலைத் தாங்க ஒரு பக்கம்தான் பீம் (ஓட்டை போட்ட சட்டம்). சுமை ஏறியதும் மறுமுனை விலகுகிறது. இரண்டு பக்கமும் பீம் போட்டு, நடுவில் புஷ் (ஆக்சிலில் மாட்டும் வளையம்) வைத்து இறுக்கியாச்சு.

ஜூன் 9

டக்.

ஜூன் 10, செவ்வாய்

இந்த முறை கியர் இல்லை, முன் அச்சின் யூ-ஜாயின்ட் (வளைந்தபடியே சுற்றும் இணைப்பு). வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது, இன்னொரு ஏற்றம் தாங்காது. தப்பு, கியர் ஜோடியை வைத்த இடத்தில். 8:24 மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தால், மூன்று மடங்கான முறுக்கு ஜாயின்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகணும். அதே ஜோடியைச் சக்கர ஹப்பில் வைத்தால் ஜாயின்ட் மேல் விழுவது மூன்றில் ஒரு பங்கு. வேகம் மாறாது: 67 ஆர்பிஎம், 62.4 மி.மீ. டயர், நிமிடத்துக்கு 13 மீட்டர். எருமை நடை, போதும். 8-க்கும் 24-க்கும் மைய இடைவெளி இரண்டு ஓட்டை. அதாவது அச்சு தரையிலிருந்து 16 மி.மீ. மேலே போகிறது, அது இலவசம். நாலு ஹப்பும் பிரித்துக் கட்டணும்.

ஜூன் 12, வியாழன்

கிளம்பும்போதெல்லாம் இஎஸ்பி32 ரீசெட். மோட்டார் முதல் இழுப்பில் வோல்டேஜ் விழுகிறது. பேட்டரி வயரில் 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சர்வோவுக்கும் போர்டுக்கும் தனி 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் போர்டு), மோட்டாருக்குப் போகும் சக்தியின் அளவான பிடபிள்யூஎம் 0-விலிருந்து படிப்படியாக. 255 வரை போகலாம், ஆனால் உச்சம் 180-க்கு மேல் கிடையாது: இரண்டு செல் நிறைந்தால் 8.4 வோல்ட், மோட்டாருக்கு 6. மொத்தம் 1,410.

ஜூன் 13

சர்வோவின் நீளம் 22.2 மி.மீ. லெகோவில் மூன்று ஓட்டை இடம் 24. இரண்டு பக்கமும் கல்யாணப் பத்திரிகை அட்டை மடித்துச் செருகினேன். ஆடவில்லை.

ஜூன் 14, சனி

பலகை 30 டிகிரி. ஏறியது. இன்னொரு முறை. ஏறியது. மூன்றாவது தடவை, பாதியில், டக்.

இடது முன் ஹப். கழற்றிப் பார்த்தால்