மல்லிக்குச்சி டைரி

ஜூலை 5, சனி
காலைல 6 மணிக்கே அத்தை வீட்டுக்குப் போயாச்சு, வெயில் ஏறுனா தண்டு வாடிடும்ல. குண்டுமல்லி வேணும்னு கேட்டதுக்கு "பதியம் போட்டுத் தர்றேன்டி, கொஞ்சம் பொறு"ன்னாங்க (கிளைய வெட்டாமலே வளைச்சு மண்ணுல புதைச்சு வேர் விட வைக்கிறது). பொறுமைக்கும் நமக்கும் ரொம்ப தூரம், குச்சி வெட்டி நட்டே வேர் பிடிக்க வச்சுக்கலாம்னு முடிவு. நுனி ரொம்பப் பிஞ்சு, வளைச்சா வளைஞ்சுகிட்டே போகுது, அடிப்பக்கம் மரமாயிடுச்சு, நடுவுல பீன்ஸ் ஒடிக்கிற மாதிரி டக்குன்னு ஒடியுது பாருங்க, அந்தப் பதத்துலதான் 12 குச்சி எடுத்தேன், 4, 5 இன்ச்சுக்கு, கணுவுக்கு ஒட்டிக் கீழ வெட்டி ஈரத்துணில சுத்தி. அடி இலையெல்லாம் உருவிட்டேன். மொட்டு இருந்தா வேருக்குப் போற சத்தை அது தின்னுடும், கிள்ளணும். மல்லி மொட்டை எப்படிங்க குப்பைல போடுறது, சாமி படத்துக்கு வச்சுட்டேன்.

கோகோபீட்டை (தேங்கா நார்த் தூள்) மூணு தண்ணி அலசி (உப்பு இருக்கும்) பாதிக்குப் பாதி ஆத்துமணல் கலந்தாச்சு. 6 குச்சிக்கு அடில வேர் பவுடர் (வேர் பிடிக்க வைக்கிற ஹார்மோன் பொடி), 6க்கு கத்தாழை ஜெல், தடவி நட்டாச்சு. ஈரம் காயாம இருக்க, மேல மூடி வைக்க அடிப்பக்கம் வெட்டுன 2 லிட்டர் பாட்டில்.

ஜூலை 9
ஒண்ணும் இல்ல. பாட்டிலுக்குள்ள வேர்த்துக் கிடக்கு.

ஜூலை 12
மூணு குச்சி அடில கறுத்து, தொட்டா கொழகொழன்னு, ஒரு நாத்தம் வேற. மூணும் கத்தாழை கோஷ்டி, ஆனா கத்தாழைய மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, பாட்டில் மூடியிருக்கும்போதே தினமும் தண்ணி ஊத்துனது நான்தான். அழுகுனதை எடுத்துப் போட்டாச்சு, இனி தினம் அரை மணி நேரம் காத்தாட விடணும்.

ஜூலை 18, ஆடி 2
துளிர்!! போட்டோ அனுப்புனேன். "இலையப் பாத்து ஏமாறாத"ன்னு அத்தை பதில். ரோஷத்துல ஒண்ணை உருவிப் பாத்தா வேரே இல்ல, வெட்டுன இடத்துல பொரி ஒட்டுன மாதிரி வெள்ளையா ஒரு தடிப்பு, அவ்ளோதான். தண்டுல இருந்த சேமிப்பை வச்சு துளிர்த்திருக்கு. அந்தத் தடிப்பே நல்ல அறிகுறிதானாம், திரும்ப நட்டேன்.

ஜூலை 23
உருவுனது காலி. இதுல நேத்து ஆடிக்காத்து, அம்மி பறக்கலன்னாலும் என் பாட்டில் ரெண்டு பறந்துடுச்சு, ஆபீஸ்லேந்து வந்து பாக்குறேன், ரெண்டு குச்சி அப்பளமா காஞ்சிருக்கு. வேர் இல்லாத இளந்தண்டுக்கு ஒரு மத்தியான வெயிலே போதும் போல. மிச்ச பாட்டிலுக்கெல்லாம் செங்கல் முட்டு.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைல செம கூட்டம், காவிரியக் கும்பிட்டுட்டு வந்த கையோட ஒவ்வொரு குச்சியையும் ரெண்டு விரலால லேசா இழுத்துப் பாத்தேன். உருவல, சும்மா இழுத்தேன் அவ்ளோதான். பவுடர் போட்டதுல மிச்சம் இருக்குற 4ம் பிடிச்சுகிட்டு வரமாட்டேங்குது!! கத்தாழைல ஒண்ணு பிடிச்சிருக்கு, ஒண்ணு இன்னும் யோசிக்குது. ஆறு ஆறு குச்சில என்ன பெரிய ஆராய்ச்சி, இருந்தாலும் அடுத்த தடவை பவுடர்தான்.

பாட்டிலை ஒரே நாள்ல எடுக்கக்கூடாது, இந்த வாரம் மூடியக் கழட்டணும், அடுத்த வாரம் பாட்டில், அப்புறம்தான் செம்மண் தொட்டி. அத்தைக்கு ஒண்ணு தர்றேன்னு போன் பண்ணா, அன்னிக்கு நான் கிளம்புன உடனே ஒரு கிளைய வளைச்சு மண்ணுல பதியம் போட்டுட்டாங்களாம். "உனக்குத்தான்டி, எப்ப வந்து எடுத்துக்கிற?"