தாது வருஷத்துக் கைநாட்டு

போன வாரம் ஊருக்குப் போனபோது, பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாள் அம்மா. வரி ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், எல்லாவற்றுக்கும் அடியில் எட்டாக மடித்த ஓர் அடமானப் பத்திரம்.

கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, மேசையில் வேட்டியை விரித்து, ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தேன். அரை மணி நேரம் ஆனது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் தாள் நைந்து கிடக்கிறது, அவசரப்பட்டால் எட்டுத் துண்டுதான். யாரோ நல்ல எண்ணத்தில் செல்லோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கிப் பழுப்பேறி ஒரு வரியையே தின்றுவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம், ஒருமுறை செய்துவிட்டால் பிரிக்கவே முடியாது.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். தாது வருஷம் ஆவணி, அதாவது 1936. முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜ் தலை. அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார், எங்கள் ஊருக்கு வந்த தாளில் ஏழு மாதம் கழித்தும் அவர்தான் ராஜா. 'மூத்த மகள் கல்யாணச் செலவுக்காக' கொள்ளுப்பாட்டி புஞ்சையை ஈடு வைத்து வாங்கிய கடன் ரூ. 137-8-0. எட்டணா என்பது அரை ரூபாய், 1957இல் நயா பைசா வரும்வரை அந்தக் கணக்குதான். நான்கெல்லையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்: வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இலுப்பை மரத்துக்குக் கிழக்கு... வண்டிப்பாதை இன்று தார் ரோடு. அந்த இலுப்பையைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

கீழே அவளுடைய கைநாட்டு. பெருவிரல் ரேகை ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது, நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கீறல், அரிவாள் பட்ட தழும்பாக இருக்கலாம். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எனக்குத் தெரிந்து அவள் உடம்பிலிருந்து மிஞ்சியிருப்பது இந்த ஒரு விரல்தான், அதுவும் கடன் வாங்கிய அன்று வைத்தது. பக்கத்தில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், தொடவில்லை.

பத்திரத்தின் பின்பக்கம் முழுக்க வரவுகள். ஈஸ்வர வருஷம் தை, வரவு பத்து ரூபாய். வெகுதானிய வருஷம் ஏழு. பிரமாதியில் ஒன்றுமே இல்லை, என்ன நடந்ததோ. விக்கிரமவில் மறுபடி சின்னச் சின்னதாய், மூன்று, நாலு. கடைசி வரி விஷு வருஷம் மாசியில், வேறொரு மையில், வேறொரு கையெழுத்தில்: அசலும் வட்டியும் தீர்ந்தது, பாக்கியில்லை.