குழாய் போட்ட கதை

ஜூன் 9

ஒத்தக்கடைப் பக்கம் எங்கள் வீடு எழும்பத் தொடங்கி ஐந்து மாதம். கூரை காங்கிரீட் முடிந்துவிட்டது. பூச்சு வேலைக்கு முன்னால் பிளம்பிங். பிளம்பர் அண்ணன் சுவரெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டார். "வாஷிங் மெஷின் எங்கம்மா வருது?" என்றார். ஐந்து மாதமாக டைல்ஸ் நிறத்துக்குச் சண்டை போட்ட எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

ஜூன் 11

பைப் பதிக்கச் சுவரில் காடி (பள்ளம்) வெட்டும் மெஷின் சத்தம், செங்கல் தூசி. நாலரை இன்ச் சுவரில் குறுக்கே நீளமாகக் காடி வெட்டப் போனதும் மேஸ்திரி ஓடிவந்து கத்தினார். சுவர் பலம் போய்விடுமாம். சரிதான். மேலிருந்து நேராக இறக்கச் சொல்லிவிட்டேன். பைப் கொஞ்சம் கூடும், போகட்டும்.

ஜூன் 14

தொட்டியை எங்கே வைப்பது என்பதில் இன்று பாதி நாள் போனது. மொட்டை மாடித் தரையிலேயே வைத்தால் செலவு குறைவு என்றார் மேஸ்திரி. ஆனால் பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஷவர் ஏழடியில் இருக்கிறது. மாடித் தரை அதிலிருந்து மூன்றரை அடிதான் மேலே. அப்படி வைத்தால் ஷவரில் தண்ணீர் சொட்டும், கொட்டாது. மாடிப்படி ஹெட்ரூம் மேல் ஏற்றினால் இன்னும் எட்டடி கிடைக்கும். ஏற்றுவதென்று முடிவு. தொட்டியிலிருந்து இறங்கும் பைப் ஒன்றேகால் இன்ச், அறைகளுக்குப் பிரிவது முக்கால், குழாய்க்கு அரை.

ஜூன் 18

கழிவு பைப். டாய்லெட்டுக்கு நாலு இன்ச், பத்தடிக்கு மூன்று இன்ச் வாட்டம், அதாவது சரிவு. கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கி நானே பிடித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் வாட்டமே இல்லை. கீழே மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் பைப்பை வைத்திருக்கிறார்கள். எடுத்து மறுபடி போட்டார்கள். திருப்பங்களில் டோர் பெண்ட் (சின்னக் கதவு வைத்த வளைவு) வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அடைத்துக்கொண்டால் கதவைத் திறந்து குத்தலாமே.

ஜூன் 22

பைப்பில் கசிவு உண்டா என்று பார்க்க எல்லா முனைகளையும் பிளக் போட்டு அடைத்து, கைப் பம்பால் தண்ணீரை ஏற்றி, மீட்டரில் 10 கிலோ அழுத்தம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். தூக்கம் வரவில்லை.

ஜூன் 23

காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் முள் ஏழில் நிற்கிறது. "ராத்திரிக் குளுமைக்குக் கொஞ்சம் இறங்கும்மா" என்றார் அண்ணன். கொஞ்சம் இறங்கலாம், மூன்று கிலோவா? ஒவ்வொரு இணைப்பாகக் காய்ந்த துணியால் துடைத்துத் தொட்டுப் பார்த்தோம். முதலில் ஒரு பிளக்கில் டெஃப்லான் டேப் பத்தவில்லை. அதைச் சரி செய்தும் முள் இறங்கியது. கடைசியில் சமையலறை சிங்குக்குக் கீழே, சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பைத் திருப்பும் எல்போவில், ஒரு பக்கம் பசையே படவில்லை. சொட்டுகூட விழவில்லை, ஈரம் மட்டும் மினுங்கியது. அதன் மேல் பூச்சும் டைல்ஸும் ஏறியிருந்தால்? எல்போவை வெட்டி எறிந்து புதிது போட்டு மறுபடி பம்ப் அடித்தோம்.

ஜூன் 24

முள் அசையவில்லை. அண்ணனுக்கு டீயும் வடையும். பூசுவதற்கு முன் சுவரில் டேப்பை வைத்து அளவோடு ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்தேன். நாளைக்குக் கண்ணாடி மாட்ட ஆணி அடிப்பவர் பைப்பில் அடிக்கக்கூடாது.

ஜூலை 3

போர்வெல் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,140. கீசருக்குள் உப்புப் படியும். தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் மென்னீர் கருவி இப்போதைக்கு வாங்க முடியாது. அதற்கு வால்வோடு இடம் மட்டும் விட்டாயிற்று. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கட்டாயம். ஊருக்காக ஒரு குழி தோண்டிக் கணக்குக் காட்டாமல், வடிகட்டி வைத்து சம்ப்புக்கே திருப்பினோம். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழும். வடியும் வழியில் கொஞ்சம் போனாலும் லாபம்தான்.

ஜூலை 19

பூச்சு முடிந்தது, வெளிச்சுவர் பெயின்ட்டும் முடிந்தது. மோட்டார் போட்டோம். முதலில் காற்று சீறியது, அப்புறம் சேற்று நிறம், அப்புறம் தெளிவு. அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் நின்று, "கால் கழுவ வெளியே ஒரு குழாய் எங்கடி?" என்றாள்.

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாளை காலை வெளிச்சுவரின் மேலேயே ஒரு அரை இன்ச் பைப், கிளாம்ப் அடித்து வருகிறது.