வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க, இடையில் பொஸ்டன் கடலுக்கடியில்

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக எது மலிவு, எது வசதி என்று ஒழுங்காக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வான்காரன் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அதை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

பேசிய காசு 6,500 ரூபா, ஹைவே காசும் சேர்த்து. அம்மா பொஸ்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார். இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை, அதற்குள் அடங்காத மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். இதையெல்லாம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது என்றுதான் வான் பிடித்தேன். விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கிய கையோடு அவர் சொல்கிறார்: “தங்கச்சி, எவ்வளவு நேரம் ட்ராஃபிக்குக்குள்ள நிண்டனாங்கள், டீசல் எரிஞ்சதெல்லோ? ஒரு 2,000 கூடப் போட்டுத் தாங்கோ.” ட்ராஃபிக் என்ன நான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாமானா? வேலைநாள் பின்னேரம் நாலு மணிக்குக் கொழும்பில் வீதி எப்படியிருக்கும் என்று காசு பேசும்போது அவருக்குத் தெரியாதா? அம்மா கண்ணைக் காட்டினார், போகிற நேரத்தில் சண்டை வேண்டாமாம். 1,000 கொடுத்தேன். அதையும் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் வாங்கினார். வான் பேசுபவர்கள் “வெயிட்டிங் காசு இல்லை” என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வழி முழுக்க அக்கா வீடியோவில் கூடவே வந்தாள். அங்கே காலை ஆறரை. வேலைக்கு வெளிக்கிடுகிறவள் ஒரு கையில் கோப்பி, மறு கையில் ஐபாட் வைத்துக்கொண்டு பொஸ்டன் வீதிக் கமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மாஸ்511 என்ற தளத்தில் நெடுஞ்சாலைக் கமராக்கள் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. அடுத்த நாள் அம்மாவை ஏற்றப் போவதற்கு அன்றைக்கே ஒத்திகை!

“டனல் வெறிச்சோடிக் கிடக்கு. நீங்கள் எங்க நிக்கிறியள்?”

“நாரஹேன்பிட்டியில.”

“முந்திக் கேட்டபோதும் நாரஹேன்பிட்டிதானே சொன்னனி?”

என்ன செய்வது, அங்கேயேதான் நின்றோம். டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் பாமன்கடை, கிருலப்பனை வரைக்கும் பரவாயில்லை. பேஸ்லைன் வீதியில் ஏறியதும் முடிந்தது கதை. பொரளைச் சந்தியைத் தாண்டுவதற்குள் அம்மா கந்தசஷ்டி கவசத்தை முழுதாகச் சொல்லி முடித்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கைப்பையை மறுபடி திறந்தார்.

அந்த டனல் என்னவென்று சொல்லாவிட்டால் இந்தக் கூத்து விளங்காது. லோகன் விமான நிலையம் பொஸ்டன் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நகரத்திலிருந்து அங்கே போக, கடலுக்கு அடியால் ஒரு வீதிச் சுரங்கம். பெயர் டெட் வில்லியம்ஸ், அந்த ஊரின் பெரிய பேஸ்போல் ஆட்டக்காரர். அத்தான் அதைப்பற்றிச் சொன்ன நாளிலிருந்து எனக்கும் அதில் ஒரு பைத்தியம். நான் நினைத்ததுபோல் கடலடியைக் குடைந்து போட்டதல்ல. இரட்டைக் குழல் பைனாகுலர் மாதிரியான 12 பிரமாண்ட இரும்புக் குழாய்த் துண்டுகளை பால்டிமோரில் செய்து, கடல்வழியாகக் கொண்டுவந்து, துறைமுகத்தின் அடியில் தோண்டிய அகழிக்குள் ஒவ்வொன்றாக அமிழ்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். 1995 டிசம்பரில் முதலில் வர்த்தக வாகனங்களுக்கு மட்டும் திறந்து, 2003இல்தான் எல்லாருக்கும் விட்டார்கள்.

பொஸ்டன் என்று சொன்னாலும் அக்கா இருப்பது அதற்குப் பக்கத்து ஊரான ஃபிரேமிங்ஹாம். அவளுக்கு ஒரே வீதி, ஐ-90. அமெரிக்காவின் மறுகரையில் சியாட்டிலில் தொடங்கும் அந்த நெடுஞ்சாலை இந்தச் சுரங்கத்தால் புகுந்து லோகன் பக்கத்தில் வந்துதான் முடிகிறது. திரும்பத் தேவையில்லை, நேரே ஓடினால் எயார்போர்ட்.

ஆனாலும் அவள் கமராவில் கண் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2006 ஜூலையில் இந்தச் சுரங்கத்துக்குப் போகிற இணைப்புப் பாதையில் கூரையின் கொங்கிரீட் பலகைகள் பெயர்ந்து ஒரு கார் மேல் விழுந்து, அதிலிருந்த பெண் இறந்துபோனார். பலகைகளைத் தாங்கிய ஆணிகளை ஒட்டியிருந்த எபொக்சிப் பசை பாரத்தில் மெல்ல மெல்ல இளகிவிட்டதாம். அக்கா அங்கே போகுமுன் நடந்தது அது. இருந்தும் அந்த இடம் வந்தால் இன்றைக்கும் மேலே ஒருதரம் பார்ப்பாள். இதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஒருகொடவத்தையில் புதிய களனிப் பாலத்தில் ஏறியதும் மூச்சு வந்தது. 2021இல் திறந்த பாலம். கம்பிகள் தாங்கி நிற்கும் அந்த அழகுக்கு முன்னால் பொரளையில் பட்ட பாடு கொஞ்சம் மறந்தது. பேலியகொடையில் ஹைவே. 2013 ஒக்டோபரில் திறந்த 25.8 கிலோமீட்டர், முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஊடாகப் போகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டுநாயக்க. வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடைக்கு எடுத்த நேரத்தில் இதே ஹைவேயில் போய்த் திரும்பி இன்னொருதரமும் போயிருக்கலாம்!

அதனால்தான் சொல்கிறேன், ஹைவேயில் கமரா பார்த்து எங்களுக்கு ஒன்றும் ஆகாது. தேவை பேஸ்லைனில். கொழும்பில் கமரா இல்லாமலுமில்லை. 2024 ஜனவரியிலிருந்து சிசிடிவி வைத்துத்தானே வீதி விதிமீறல்களைப் பிடிக்கிறார்கள்? தண்டம் எழுதப் பார்க்கிற அதே படத்தை எங்களுக்கும் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பொரளை இறுகிக் கிடப்பது தெரிந்திருந்தால் அரை மணி முந்தி வெளிக்கிட்டிருப்போம், என் 1,000 ரூபாவும் மிஞ்சியிருக்கும்.

அம்மா உள்ளே போனதும் திரும்பி வருவதற்கு ஒரு சதமும் வீணாக்குவதில்லை என்று முடிவு. அவேரிவத்த பஸ் நிலையம் கூப்பிடு தூரம்தான், அதற்கு ஓட்டோக்காரர் 500 கேட்டார். நடந்தேன். ஹைவேயால் வருகிற ஏசி பஸ், முழு வழிக்கும் அந்த ஓட்டோக் காசைவிடக் குறைவு. பாட்டுச் சத்தம் மட்டும் தாங்க முடியவில்லை. புறக்கோட்டையில் இறங்கி, காலி வீதி பஸ் பிடித்து வெள்ளவத்தை.

அப்புறம் சாப்பாடு. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே உள்ள சின்னச் சைவக் கடையில் இடியப்பம் சுடச்சுடத் தட்டில் விழுந்தது. மஞ்சள் சொதி, நல்லாய் இடித்த செத்தல்மிளகாய்ச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத வயிறு, ஒன்றுக்கு இரண்டு தட்டு. கடைசியில் இஞ்சி போட்ட பிளேன் டீ. எல்லாம் சேர்த்து 550 ரூபா. விமான நிலையத்துக்குள் தேத்தண்ணியும் பற்றீஸும் விற்கிற விலையை நினைத்துப் பார்த்தேன், இன்னும் ருசித்தது.

அடுத்த நாள் இரவு பன்னிரண்டு தாண்டியும் நித்திரையில்லை. டோஹா வழியாக அம்மா போன விமானம் இறங்கிவிட்டது. பொஸ்டனில் பட்டப்பகல். நானும் மாஸ்511ஐத் திறந்து வைத்துக்கொண்டு கார்களை எண்ணினேன். அக்காவின் நீலக் கார் எதுவென்று கண்டுபிடிக்க முடியுமா என்ன? இருந்தாலும் நீலமாக எது போனாலும் கழுத்து நீண்டது. சுங்கச்சாவடி என்று ஒன்றுமே இல்லை, ஓடுகிற காரின் இலக்கத்தகட்டைப் படம் பிடித்தே காசு எடுத்துவிடுகிறார்கள், நிற்கத் தேவையில்லை. இதைவிட வயிற்றெரிச்சல், லோகனிலிருந்து நகரத்துக்கு இதே சுரங்கத்தால் வருகிற சில்வர் லைன் பஸ் இலவசம். இலவசம்! வாசலிலேயே ஏறலாம்.

அம்மா போய்ச் சேர்ந்து வீடியோவில் வந்தார். கடலுக்கடியால் போனது எப்படியிருந்தது என்று கேட்டேன். “லைற் எரிஞ்சுது பிள்ளை, சுவர் வெள்ளையாக் கிடந்தது. வடை நொருங்கிப்போச்சு.”

அவர் திரும்பி இறங்குவது விடிய மூன்று மணிபோல. அந்த நேரத்தில் பேஸ்லைனில் ஈ காக்கை இராது, ஃபோன் அப்பில் கார் போட்டு ஏற்றுவேன். ஒரு பையோடு தனியே போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், புறக்கோட்டையில் போய் பஸ் ஏறுங்கள், சில்லறை மாற்றி வைத்திருங்கள்.