டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சிக்குத் துப்பாக்கியோடு வீடு மாறியபோது

2024 ஜனவரியில் கம்பெனியில் என்னை நியூ ஜெர்சிக்கு மாற்றினார்கள். அன்று ராத்திரி மனைவி அங்கே வாடகை எவ்வளவு, மகளுக்கு எந்தப் பள்ளி என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி. அதோடு அதற்கான மேகசின்கள், அதாவது தோட்டாக்களை அடுக்கி உள்ளே செருகும் பெட்டிகள், ஒவ்வொன்றும் 15 தோட்டா கொள்ளும். சுவரோரமாக நீளப் பையில் ஓர் ஏஆர்-15 ரைபிள். எல்லாமே டெக்சாஸில் நாங்கள் இருந்த ப்ளேனோ ஊரில் கடையில் வாங்கியவை. 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, முறைப்படி கைக்கு வந்தவை.

எனக்குத் துப்பாக்கி புதிதல்ல. தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் தாத்தாவுக்குத் தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, ரசீதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவார். ரிசல்ட் வந்த பிறகு போய் வாங்கி வருவார். துப்பாக்கி என்றாலே ஒரு புத்தகம், ஒரு முத்திரை, ஒரு ரசீது என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. டெக்சாஸில் அப்படி எதுவும் இல்லை. வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம், பதிவு கிடையாது. 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள 21 வயதுக்காரர் இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றாகிவிட்டது. காரில் வைத்துக்கொள்வது அதற்கும் பல வருடம் முன்பிருந்தே சகஜம். அந்தச் சூழலில் இரண்டரை வருடம் இருந்ததில், இது ஒரு மாநிலத்தின் சட்டம் மட்டும்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்-1பி (வேலை), எச்-4 (அவர்கள் குடும்பம்), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டமே தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய், வாடகைக்கு வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். நான் 2010-இல் வந்தவன். 2021-இல் கிரீன் கார்டு கைக்கு வரும்வரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. கிரீன் கார்டு வந்த பிறகும் ஆபத்து முழுதாக விலகிவிடுவதில்லை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால், நாட்டைவிட்டு வெளியேற்ற அதுவே போதுமான காரணம். அதனால் இந்த இடமாற்றத்தில் சின்னத் தவறு நடந்தாலும் அது அபராதத்தோடு போகாது, மகளின் பள்ளிக்கூடம்வரை போகும் என்பது எனக்குப் புரிந்திருந்தது.

நியூ ஜெர்சிச் சட்டத்தை உட்கார்ந்து வாசித்தபோது கை சில்லிட்டது. டெக்சாஸில் தினம் செய்துவந்த காரியம், துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போவது, அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் செய்தால் 5 முதல் 10 வருடம் சிறை. கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அதில் குறைந்தது 42 மாதம் பரோலுக்கே இடமில்லாமல் உள்ளே இருக்க வேண்டும். டெக்சாஸ் கேரி லைசென்ஸ், அதாவது துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் லைசென்ஸ், அங்கே செல்லாது. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா லைசென்ஸை நம்பி நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனார். போலீஸ் நிறுத்தியபோது, துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். கைதானார். பல மாதம் வழக்கில் அலைந்து, கடைசியில் 2015-இல் கவர்னர் மன்னிப்பு கொடுத்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. உண்மையைச் சொன்ன மனுஷிக்கு இந்தக் கதி. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே நியூ ஜெர்சியில் துப்பாக்கி வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிப் பேசினேன். இந்த இடமாற்றத்தில் நான் செய்த நல்ல செலவு அதுதான். அவர் எடுத்த எடுப்பில் சட்டம் பேசவில்லை. “வீட்டில் இருப்பதை எல்லாம் தரையில் பரப்பி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு அப்புறம் கூப்பிடுங்கள்” என்றார். எழுதினேன். ஒவ்வொரு வரியாகப் போனோம்.

ஏஆர்-15-ஐக் கொண்டுவரவே கூடாது என்றார். 1990-இலிருந்தே அங்கே தாக்குதல் ரக ஆயுதங்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் கோல்ட் ஏஆர்-15 பெயர் சொல்லியே இருக்கிறது, அதன் சாயலில் உள்ளவையும் சேரும். சில உறுப்புகளை மாற்றினால் சட்டத்துக்குள் வரும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அந்த வேலையில் இறங்க எனக்கு மனமில்லை. மேகசின்களும் வேண்டாம் என்றார். 15 என்றிருந்த உச்சவரம்பை 2018-இல் 10 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதற்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே குற்றம். முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவுக்குத் தனி விதி. வீட்டில் வைத்திருக்கலாம், வாங்கிய கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு போகலாம், மற்றபடி எடுத்துக்கொண்டு திரிந்தால் வம்பு. “தோட்டா எதையும் கொண்டு வராதீர்கள், இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒரே வரியில் முடித்தார். கைத்துப்பாக்கி மட்டும் வரலாம்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குத் தோன்றியே இருக்காது. விற்பதை எல்லாம் டெக்சாஸ்வாசியாக இருக்கும்போதே விற்றுவிட வேண்டும். குடியிருப்பு மாறிய பிறகு டெக்சாஸில் இருக்கும் நண்பருக்கு நேரடியாகக் கைமாற்ற முடியாது. 1968-ஆம் வருட மத்திய சட்டப்படி, மாநிலம் விட்டு மாநிலம் என்றால் லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாரமே ரைபிளை ஒரு கடையில் கொடுத்துவிட்டேன். வாங்கிய விலையில் பாதிகூட வரவில்லை. மேகசின் இரண்டையும் தோட்டா டப்பாக்களையும் ரேஞ்சில் பழக்கமான ஒரு பெரியவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது பாதை. மத்திய சட்டத்தில் 1986-இல் சேர்த்த ஒரு பாதுகாப்பு இருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி சட்டப்படி சரி என்றால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்து கொண்டு போகலாம். துப்பாக்கி லோடு செய்யாமல் இருக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. எங்களுடையது ஒடிசி வேன், தனி டிக்கி கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், டேஷ்போர்டு அறை அந்தக் கணக்கில் சேராது. கெட்டியான பெட்டி ஒன்று வாங்கி, இரண்டு பூட்டுப் போட்டு, எல்லாச் சாமானுக்கும் கடைசியில் வைத்தேன். சாவி மனைவியின் கைப்பையில்.

ஏறக்குறைய 1,500 மைல். ஆர்க்கன்சா, டென்னசி, வர்ஜீனியா என்று ஏறி, 81-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். சட்டம் கெடுபிடியான மேரிலாந்தில் பால்டிமோர் பக்கம் போகாமல் இருக்கத்தான் அந்த வழி. அப்போது சட்டம் தளர்வாக இருந்த டென்னசியிலும் வர்ஜீனியாவிலும் ராத்தங்கினோம். மேரிலாந்தை அந்தச் சாலை ஹேகர்ஸ்டவுன் பக்கம் குறுக்கே வெட்டிப் போகிறது, பத்துப் பன்னிரண்டு மைல்தான். அங்கே பெட்ரோலுக்குக்கூட நிறுத்தவில்லை.

பென்சில்வேனியாவில் 78-ஆம் சாலையில் சாப்பிட நிறுத்தினோம். அங்கிருந்து நியூ ஜெர்சி எல்லைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மகளுக்குத் தலைவலி, மாத்திரை தேடிப் பின்னால் போனேன். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பழைய துணிப்பையில்தான் முதலுதவிச் சாமான்களைப் போட்டிருந்தேன். காது அடைப்பான், கண்ணாடி, பிளாஸ்திரி. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து கையை விட்டேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. மூன்றாவது மேகசின். தோட்டா இல்லை, காலிதான். ஆனால் பின்பக்கத்து ஓட்டை வரிசையில் 15 என்ற எண் வெள்ளையாகத் தெரிந்தது. தாளில் நான் எழுதியது இரண்டு. வாங்கியது மூன்று.

மனைவியிடம் காட்டினேன். அவள் ஒன்றும் திட்டவில்லை, “எல்லாத்தையும் இறக்குங்க” என்றாள். அந்தப் பார்க்கிங்கிலேயே வேனைக் காலி செய்தோம். பருப்பு டப்பா, குக்கர், பாய், சாமி படம் எல்லாம் தரையில். ஒவ்வொரு பையின் ஒவ்வொரு ஜிப்பையும் அவள் ஒருமுறை, நான் ஒருமுறை. முக்கால் மணி நேரம் ஆனது. வேறு எதுவும் இல்லை.

பக்கத்து ஊரில் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. பென்சில்வேனியாவில் மேகசினுக்கு வரம்பு இல்லை. கடைக்காரரிடம் நியூ ஜெர்சி போகிறோம் என்று சொல்லி மேகசினை மேசையில் வைத்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்களைப் போல வாரத்துக்கு ஓரிருவர் வருவார்களாம். காசு தர முன்வந்தார், நான் வேண்டாம் என்றேன். ஒரு ரசீது மட்டும் எழுதித் தரச் சொன்னேன். தேதி, பொருள், எண்ணிக்கை ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது தாத்தா ஞாபகம் வந்தது.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது பெரும்பாலும் காத்திருப்பு. 2022 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, வெளிமாநிலத்திலிருந்து துப்பாக்கியோடு குடிவருபவர் 60 நாளுக்குள் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும், துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை ஊர்க் காவல் நிலையம்தான் பரிசீலிக்கும். ஆனால் அதற்கு அந்த மாநில டிரைவிங் லைசென்ஸ் கையில் இருந்தால்தான் வேலை சுலபம். லைசென்ஸ் எடுக்க, ஒவ்வோர் அடையாள ஆவணத்துக்கும் உள்ள புள்ளிகளைக் கூட்டினால் 6 வர வேண்டும், அதோடு முகவரிச் சான்றும் வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தமோ பேங்க் ஸ்டேட்மெண்டோ வேண்டும். ஒன்றை வைத்துத்தான் அடுத்தது. 60 நாள் என்றால் நிறைய இருக்கிறது என்று நினைத்திருந்தேன். லைசென்ஸ் கைக்கு வரும்போது 31 நாள் போயிருந்தது.

விண்ணப்பம் ஆன்லைனில். அப்போது கட்டணம் 50 டாலர், கைரேகைக்குத் தனி. மனநலப் பதிவுகளைப் பார்க்கச் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள். இதில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ரெஃபரன்ஸ்தான். என்னை அறிந்த இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்கு மின்னஞ்சலில் கேள்விகள் போகும். புது ஊரில் யாரைக் கேட்பது? நியூ ஜெர்சியிலேயே எடிசன் ஊரில் இருக்கும் கல்லூரித் தம்பி ஒருவனைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நான் இன்னும் எச்-1பி-லதான் இருக்கேன். துப்பாக்கி விஷயத்துல என் பேரு எங்கயும் வர வேணாம்ணே” என்றான். ரெஃபரன்ஸ் கொடுப்பதால் அவனுக்கு ஒன்றும் வராது என்று விளக்கியிருக்கலாம். அவன் குரலைக் கேட்ட பிறகு வற்புறுத்த மனசு வரவில்லை. பதினோரு வருடம் நானும் அதே பயத்தோடு இருந்தவன்தானே. கடைசியில் பழைய ஆபீஸ் மேனேஜர் ஒருவரும், ப்ளேனோவில் பக்கத்து வீட்டிலிருந்து மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போன அம்மாவும் எழுதிக் கொடுத்தார்கள்.

பதிவுப் படிவம் எளிது. கம்பெனி, மாடல், காலிபர் என்னும் தோட்டா அளவு, துப்பாக்கியில் பொறித்த தொடர் எண். எண்ணை ஞாபகத்திலிருந்து எழுதாமல், துப்பாக்கியைப் பார்த்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாக எழுதினேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. இது ரொம்ப முக்கியம். படிவம் மட்டும் போதும். நான் போன் செய்து கேட்டபோது அங்கிருந்த டிடெக்டிவ் இதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

அட்டை தரச் சட்டம் 30 நாள் என்கிறது, எனக்கு ஏழு வாரம் ஆனது. அதுவரை பெட்டி பூட்டியபடியே படுக்கையறையில் இருந்தது. சொந்த வீட்டுக்குள் வைத்திருக்கத் தடையில்லை என்றாலும் நான் ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை. இடையில் மகளின் புதுத் தோழி விளையாட வருவதாக இருந்தது. அவளுடைய அம்மா என் மனைவியிடம் நேராகவே கேட்டார்: “உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா?” மனைவி இருக்கிறது என்றாள். எங்கே, எப்படிப் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று எல்லாம் சொன்னாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, முதல் தடவை எங்கள் மகளைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். எங்களுக்கு வருத்தமில்லை. கேட்டாரே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

அட்டை வந்ததும் உள்ளூர்க் கடையில் 10 தோட்டா மேகசின் இரண்டு வாங்கினேன். வெளியே எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டுக்கு நான் போகவில்லை. அதற்கு அப்போது 200 டாலர், நான்கு ரெஃபரன்ஸ், பயிற்சிச் சான்று என்று தனிப் பாதை இருந்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. ரேஞ்சுக்குப் போகும் நாளில் பூட்டிய பெட்டி பின்னால், நேராக அங்கே, நேராக வீடு. வழியில் மளிகைக் கடையில்கூட இறங்குவதில்லை.

போன மாதம் ஹூஸ்டனிலிருந்து ஒரு மாமா கூப்பிட்டார், அவருக்கும் இந்தப் பக்கம் மாற்றல். முதலில் வக்கீல் நம்பர் கேட்டார். கொடுத்தேன். அதற்கு முன்னால் ரேஞ்ச் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து பாருங்கள் மாமா என்றேன். லைனிலேயே இருந்தார். ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு இருக்குப்பா” என்றார்.