அம்மாவின் புடவைக் கரை

அம்மாவின் புடவை தரையில் புரளத் தொடங்கியதை வீட்டில் நான்தான் முதலில் கவனித்தேன். கொசுவத்தைத் தளர்வாகச் சொருகியிருக்கிறார் என்று எண்ணி, "கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கம்மா, தடுக்கிவிடும்" என்று இரண்டொரு முறை சொன்னதோடு விட்டுவிட்டேன். அடுத்த மார்கழியில், வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மருத்துவர், "மாதவிடாய் எந்த வயதில் நின்றது?" என்று கேட்டபோது, கை முறிந்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் விழித்தோம். நாற்பத்து நான்கில் நின்றிருந்தது. விழுந்தபோது அம்மாவுக்கு வயது 61.

எலும்பு, வளர்ந்து முடிந்தபின் அப்படியே இருந்துவிடும் பொருளன்று. பழையது அரிக்கப்படுவதும் அவ்விடத்தில் புதியது படிவதும் ஆயுள் முழுக்க நடக்கின்றன. அந்த அரிப்பை அடக்கிவைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மாதவிடாய் நின்றதும் குறைந்துவிடுவதால், முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பு மிக வேகமாகத் தேய்கிறது. வலி இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. அம்மாவுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி எதுவுமின்றிச் சிறிது நேரம் படுத்திருந்தால் போதும். நலமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்தான் டி-ஸ்கோர்; அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நிலை. அம்மாவுக்கு மைனஸ் 2.9. முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது இரண்டு முள்ளெலும்புகள் எப்போதோ நசுங்கியிருந்தன. புடவை தளரவில்லை, அம்மாதான் உயரம் குறைந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அவர் மகளிர் மருத்துவரிடம் ஒருமுறைகூடப் போகவில்லை. பிள்ளைப்பேறு முடிந்து, மாதவிலக்கும் நின்றுவிட்டால் அந்தப் படியை மிதிக்க வேண்டியதில்லை என்றே நம் வீடுகளில் நினைக்கிறோம். ஓராண்டு முழுதாக நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், அது கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், வெட்கத்தை ஒதுக்கிவிட்டு உடனே காட்டியாக வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு கருப்பை வாய்ப் பரிசோதனையையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்கிறார்கள்.

இப்போது அம்மா வாரம் ஒருநாள் விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு, எலும்பு அரிப்பைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையை விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்தே இருக்கிறார். காபிக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணிதான் அவருக்குப் பெரும்பாடு. இந்த வயதில் நாளொன்றுக்குத் தேவையான 1,200 மில்லிகிராம் கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழ் மட்டும் போதாது என்பதால் பால், தயிர், முருங்கைக்கீரை எல்லாம் சேர்கின்றன. காலை வெயிலில் நடக்கிறார். வாசல் தெளிப்பதை நான் ஏற்றுக்கொண்டேன், கோலம் மட்டும் அவருடையது.

எனக்கும் 49 ஆகிறது. மாதவிடாய் நின்று பதினான்கு மாதங்கள். சென்ற வாரம் மகளிர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று மாலை, பிள்ளைகள் வளர்ந்த உயரத்தைக் குறித்துவந்த அதே கதவு நிலையில் அம்மாவை நிறுத்தி, தலைக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். பிறகு அம்மா பென்சிலை வாங்கிக்கொண்டு என்னை நிற்கச் சொன்னார்.