ஊதா மாறாத குப்பி

எங்கள் பால் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் விலை உயர்ந்த கருவிகளைத்தான் முதலில் சுற்றிப் பார்ப்பார்கள். பாலில் ஆன்டிபயாடிக் மருந்து கலந்திருக்கிறதா என்று காட்டும், எனக்கு மிகவும் பிடித்த கருவியோ உயிருள்ளது. சின்னக் குப்பியில் அகர்க் கூழ், அதற்குள் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், கூடவே அமிலம் பட்டால் நிறம் மாறும் ஊதாச் சாயம். 0.1 மி.லி. பாலை விட்டு 64 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் வைத்தால் பாக்டீரியா பெருகி அமிலத்தை உண்டாக்க, குப்பி மஞ்சளாகும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் பென்சிலின் இருந்தாலே போதும், ஊதா அப்படியே நிற்கும்.

அந்த மூன்று மணி நேரம்தான் ஓயாத தகராறு. வாசலில் டேங்கர் நிற்கும். கொள்முதல் பிரிவிலிருந்து போன் வரும். அதனால் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனையும் செய்கிறோம். ஆனால் எந்த மருந்துகளுக்காகச் செய்யப்பட்டதோ, அவற்றை மட்டுமே பட்டை காட்டும்.

ஒருமுறை ஒரு தனியார் பண்ணையின் பாலில் பட்டை சுத்தம் என்றது, குப்பி ஊதாவாகவே நின்றது. "பட்டையே சரி என்கிறது, பிறகென்ன சார்?" என்றார் மேலாளர். மடிநோய் கண்ட மாட்டின் பாலில் இயற்கையாகவே மிகும் லைசோசைம் போன்ற புரதங்களும் பாக்டீரியாவைத் தடுக்கும். அதனால் அவற்றைச் செயலிழக்கச் செய்ய மாதிரியை 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி மறுபடி வைத்தேன். அப்போதும் ஊதாதான். அடுத்து, பாக்டீரியா வளரத் தேவைப்படும் பாரா அமினோ பென்சோயிக் அமிலம் சேர்த்தேன். சல்ஃபா என்ற வகை மருந்துகள் இந்த அமிலத்தின் இடத்தைப் பிடித்துத்தான் பாக்டீரியாவை முடக்குகின்றன. அமிலம் தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா மீண்டுவிடும். குப்பி மஞ்சளானது. மருந்தின் பெயர் தெரியாத ஓர் உயிரிடம், சரியாகக் கேட்டால் அதன் குடும்பப் பெயரையே வாங்கிவிடலாம்! எத்தனையோ ஆண்டுகளாகியும் எனக்கு இதில் அலுப்பு வரவில்லை.

எல்லாவற்றையும் அது கண்டுபிடிக்காது. தடை செய்யப்பட்ட குளோராம்பெனிகால் என்ற மருந்தை மிக நுண்ணிய அளவில் தேட, மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைநிறமாலைமானிதான் வேண்டும். பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்களோ, டெட்ராசைக்ளின் மருந்து பட்டால் ஒளிரும் ஈ.கோலை பாக்டீரியாவை 1990களிலேயே உருவாக்கினார்கள். எங்களுடையது வளராமல் பதில் சொல்கிறது, அவர்களுடையது வெளிச்சம் காட்டுகிறது.

அந்தப் பண்ணைக்காரரிடம் விசாரித்தோம். கன்றுகளுக்கு வாங்கிய மருந்தைக் கறவை மாடுகளுக்கும் கொடுத்திருக்கிறார். எத்தனை நாள் பாலை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் யாரும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தாலும் அத்தனை நாள் பாலுக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டார். ஆய்வகத்தில் அதற்குச் சோதனை இல்லை.